துரு துணிக்குள் எப்படி ஏறுகிறது? துருச்சாயத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

வெள்ளை வேட்டியைத் துருப்பிடித்த கம்பிக் கொடியில் காயப்போட்டு எடுத்தவர்களுக்குத் துருச்சாயத்தின் முதல் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. கம்பி பட்ட இடத்தில் நீளமாக ஒரு காவிக் கோடு விழுந்திருக்கும். எந்தச் சோப்புக்கும் மசியாது. அந்தக் கோட்டை வேண்டுமென்றே, விரும்பிய இடத்தில், விரும்பிய வடிவத்தில் விழ வைப்பதுதான் துருச்சாயம். ஆர்ட் ஜர்னல் வைத்திருப்பவர்கள், அதாவது ஓவியம், ஒட்டுவேலை, தையல், எழுத்து எல்லாவற்றையும் ஒரே நோட்டில் கலந்து செய்கிறவர்கள், இப்படிச் சாயமேற்றிய துணியையும் காகிதத்தையும் கிழித்து ஒட்டிப் பக்கங்களுக்குப் பின்னணி அமைக்கிறார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான கலை இருக்க முடியாது. ஒரு தெருவில் லேத் பட்டறை, அடுத்த தெருவில் பனியன் கம்பெனி. இரும்பும் பருத்தியும் கேட்டால் சும்மாவே கிடைக்கும். குறை எல்லாம் சுற்றிவரும் அறிவுரைகளில்தான். வினிகர் அதிகம் ஊற்றினால் நிறம் அதிகம் வரும், உப்பு போட்டால் சாயம் நிற்கும், வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம் பிழியலாம், ஒரு வாரம் விட்டால்தான் நன்றாகப் பிடிக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். இந்த நான்கும் தவறு. ஏன் தவறு என்பது புரிந்துவிட்டால் செய்முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

துரு என்பது என்ன?

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. ஒன்று குறைந்தாலும் துரு பிடிக்காது. இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கொஞ்சம் நீரையும் தன்னோடு பிடித்துக்கொண்டு உருவாகும் பொருள் அது. இப்படி ஒரு பொருள் ஆக்ஸிஜனோடு சேர்வதை ஆக்சிஜனேற்றம் என்பார்கள்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் சங்க காலத்து இரும்பு உருக்கும் உலைகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே உலை மூட்டியவர்கள் செய்த வேலை, தாதுவில் இரும்போடு சேர்ந்திருந்த ஆக்ஸிஜனைக் கரியும் நெருப்பும் கொண்டு பிரித்தெடுப்பது. பிரிந்துவந்த இரும்பு ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் அதே ஆக்ஸிஜனைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதுதான் துரு. கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் அடிக்கும் காவியும் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்த பொருள்தான். வெயிலில் காவி வெளுக்காது. துருச்சாயம் வெளுக்காததற்கும் அதே காரணம்தான்.

உள்ளே போவது துரு இல்லை

பெரும்பாலோர் நினைப்பது, ஆணி மேலிருக்கும் துருத்தூள் துணியில் ஒட்டிக்கொள்கிறது என்று. அப்படி ஒட்டிய தூள் ஒரு உதறலில் போய்விடும். துரு தண்ணீரில் கரையாத பொருள். நூலின் இழைக்குள் அதனால் நுழைய முடியாது.

வாய் குறுகிய பாட்டிலில் பாலை ஊற்றி, உறை விட்டு வைத்தால் உள்ளேயே தயிராகிவிடும். பாலாகச் சுலபமாகப் போனது, தயிராகச் சுலபமாக வெளியே வராது. துருச்சாயத்தில் நடப்பதும் இதுதான். ஈரத்தில் இரும்பு முதலில் நீரில் கரைந்த வடிவத்துக்கு மாறுகிறது. இந்தக் கரைந்த இரும்புக்கு நிறம் கிட்டத்தட்டக் கிடையாது, மிஞ்சிப்போனால் வெளிர்பச்சைச் சாயல். தண்ணீரோடு தண்ணீராக அது நூலின் நார்களுக்குள் ஊறுகிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டதும் அங்கேயே கரையாத துருவாகக் கெட்டியாகிறது. நாருக்குள் கெட்டியான துரு அலசினாலும் வராது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுற்றி வைத்த மூட்டையைப் பிரிக்கும்போது இரும்பை இறுக்கமாகத் தொட்டிருந்த சில இடங்கள் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். நிறமே பிடிக்கவில்லை என்று தோன்றும். துணியை விரித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் அந்த இடங்கள் ஆரஞ்சுக்கு ஏறியிருக்கும். காற்று போகாமல் பாதியில் நின்ற வேலை காற்றுப் பட்டதும் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, இரண்டு கட்டங்கள்: முதலில் கரைதல், பிறகு கெட்டியாதல். இனி எந்த அறிவுரை காதில் விழுந்தாலும், இது எந்தக் கட்டத்துக்கு உதவுகிறது என்று கேட்டுப் பார்த்தால் போதும். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வினிகர், எலுமிச்சை, உப்பு, சோடா

வினிகர் முதல் கட்டத்துக்கு மட்டும் உதவும். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் இரும்பை வேகமாகக் கரைக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் இந்த அமிலம் ஏறக்குறைய 4 சதவீதம் இருக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தாலே தாராளம். வெறும் தண்ணீரிலும் வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக. வினிகர் சொட்டச் சொட்ட இருந்தால் என்ன ஆகும்? இரும்பு கரைந்துகொண்டே இருக்கும், ஆனால் நின்ற இடத்தில் நிற்காமல் ஓடும். ஆணியின் வடிவம் போய், ஒரு காவிக் குளம்தான் மிஞ்சும். வாளி வினிகருக்குள் துணியையும் இரும்பையும் முழுக்க முக்கி வைப்பவர்கள் ஏமாந்து போவதற்குக் காரணமும் இதுதான்: தண்ணீருக்கு அடியில் போதிய ஆக்ஸிஜன் இல்லாமல் இரண்டாம் கட்டம் நடப்பதே இல்லை.

எலுமிச்சையும் புளிக்கிறது, வினிகரும் புளிக்கிறது, எது போட்டால் என்ன என்று கேட்பார்கள். சட்டையில் பட்ட துருக்கறையை எடுக்க எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்ப்பது வீடுகளில் பழைய வழக்கம். கறையை எடுக்கும் பொருளையே கறை ஏற்ற எப்படிப் பயன்படுத்துவது? எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் கரைந்த இரும்பை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு அதைக் கெட்டியாக விடாது. முதல் கட்டத்தை முடுக்கிவிட்டு இரண்டாம் கட்டத்தைத் தடுத்துவிடும். அலசும்போது இரும்பு தண்ணீரோடு போய்விடும். புளித்தண்ணீரின் கதையும் ஏறத்தாழ அப்படியே. அசிட்டிக் அமிலம் இரும்பை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை, காய்கையில் தானும் ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் வினிகர்.

உப்பு விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சாயம் நிற்க உப்புத் தண்ணீரில் அலசுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். சில பருத்திச் சாயங்களுக்கு உப்பு உதவும் என்பது திருப்பூரில் சாயப்பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்த வழக்கம் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது போல. துருவைப் பொறுத்தவரை உப்பு அரிப்பைத் தூண்டிவிடும் பொருள். கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பி சீக்கிரம் இற்றுப் போவது உப்புக் காற்றால்தான். வேலையை நிறுத்த வேண்டிய நேரத்தில் அதை முடுக்கிவிடுவதில் என்ன பயன்?

நிறுத்துவதற்குச் சமையல் சோடா. ஆப்பத்துக்குப் போடுவோமே, அதுதான். சோடா காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு எதிரானது. மிச்சமிருக்கும் அமிலத்தை முறித்துவிடும். கரைந்த நிலையில் எஞ்சிய இரும்பையும் இருந்த இடத்திலேயே கெட்டியாக்கிவிடும். காரத்தன்மையில் இரும்பு துருப்பிடிப்பதும் குறையும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல வருடம் துருப்பிடிக்காமல் இருப்பதும் சிமெண்ட் காரமாக இருப்பதால்தான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அதிலுள்ள கார உப்புகள் வினிகரின் அமிலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் நன்றாக வந்த அதே கலவை, போர் தண்ணீர் வீட்டில் மந்தமாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். வினிகரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

எந்தத் துணி?

பருத்தி, லினன், பட்டு, ரேயான் எல்லாம் நீரை உறிஞ்சும், ஆகவே சாயமும் ஏறும். பாலியஸ்டர் தண்ணீரையே உள்ளே விடாது. மேலே ஒட்டியது சோப்புக்குப் போய்விடும். பருத்தி நார் கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸ் என்பது செடிகள் தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளும் அடிப்படைப் பொருள். காகிதமும் அதனால் ஆனதுதான். துணிக்குச் சொன்னதில் பெரும்பகுதி காகிதத்துக்கும் பொருந்தும்.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நெய்து வரும் காடா துணி மலிவு, கனம், நிறமும் லேசான பழுப்பு. துருவின் காவிக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணியை நான் பார்த்ததில்லை. ஆனால் தறியிலிருந்து வந்தபடியே அதைப் பயன்படுத்த முடியாது. பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் போட்ட கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் அதில் அப்படியே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சேம்பு இலைமேல் நிற்பதுபோல் உருண்டு நின்றால் துணி இன்னும் தயாராகவில்லை. சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு அரைமணி, ஒருமணி நேரம் கொதிக்கவிட்டு அலசினால் அதே சொட்டு விழுந்தவுடன் உள்ளே இழுக்கும். பழைய வேட்டிக்கும் நைந்த தலையணை உறைக்கும் இந்த வேலையே தேவையில்லை. வருடக்கணக்கான சலவை அதைச் செய்து முடித்துவிட்டது.

எந்த இரும்பு?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி உதவாது. அதில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டு இரும்பைக் காத்துவிடும். ஜி.ஐ. கம்பியும் ஜி.ஐ. ஷீட்டும் துத்தநாகப் பூச்சு உள்ளவை. அந்தப் பூச்சு போகும்வரை துரு வராது. பித்தளை, அலுமினியம் துருப்பிடிக்கவே செய்யாது.

ஏற்கெனவே துருப்பிடித்ததைத் தேடி எடுப்பது நல்லது. சொரசொரப்பான மேற்பரப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போல்ட், நட், வாஷர், சைக்கிள் செயின், கட்டுக்கம்பி எல்லாம் தெளிவாக அச்சு விடும். லேத்திலிருந்து விழும் இரும்புச் சுருள் அழகான கோடுகள் தரும். ஆனால் அதில் எண்ணெய் ஊறியிருக்கும், சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் துணியில் ஏறும். ஓரமும் கத்திபோல் இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது மாட்டு லாடம். காங்கேயம் பக்கம் வண்டிமாடு வைத்திருந்த வீடுகளில் தேய்ந்த லாடம் இன்னும் எங்காவது கிடக்கும். பிறை வடிவமும், நடுவே ஆணித் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகவும் விழும். துளைக்குள் துணி இரும்பைத் தொடாததால் அந்த வெள்ளை. கட்டுத்தரையில் கிடந்த இரும்பு என்பதால் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். துரு குத்தினால் டெட்டனஸ் வரும் என்பார்கள். துருவுக்கும் அந்த நோய்க்கும் நேரடித் தொடர்பில்லை. அதைத் தருவது மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு பாக்டீரியா. கட்டுத்தரை இரும்பில் அது இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகக் கழுவிவிட்டுத் தொடுங்கள், குத்திவிட்டால் மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்வது எப்படி?

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. துணியை வினிகர்க் கலவையில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, இரும்பின்மேல் இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். துணியும் இரும்பும் எவ்வளவு நெருக்கமாகத் தொடுகின்றனவோ அவ்வளவு கூர்மையாக அச்சு விழும். தட்டையாக வேண்டுமானால் விரித்த துணிமேல் இரும்பை அடுக்கி, மேலே இன்னொரு துணி போட்டு, அதன்மேல் ஒரு பலகையும் செங்கல்லும்.

இரும்பும் வினிகரும் பார்த்துக்கொள்ளும். நமக்கு இங்கே சவால் காற்றுதான். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் துணி சட்டென்று காய்ந்துவிடும். காய்ந்தால் கரைதல் நின்றுவிடும். அதனால் பாலிதீன் பை ஒன்றில் தளர்வாக மூடி வைக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டிவிட்டால் கெட்டியாகத் தேவையான ஆக்ஸிஜன் உள்ளே போகாது. ஈரம் போகக் கூடாது, காற்று வர வேண்டும். ஐப்பசி மழையில் இந்தத் தொல்லை இல்லை, வராந்தாவில் சும்மா வைத்தாலே போதும்.

ஒருநாள் கழித்துத் திறந்து பாருங்கள். போதாதென்றால் லேசாக நனைத்து மறுபடி மூடுங்கள். மூன்று நாளுக்குமேல் வைக்க எனக்கு மனம் வராது. காரணம் பின்னால் வருகிறது. எடுத்தபின் தண்ணீரில் அலசி, ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி அலசி, சோப்பு போட்டுத் துவைத்துக் காயவையுங்கள். ஒட்டாத தூளெல்லாம் அந்தத் துவைப்பிலேயே போய்விடும். வெளுக்கவைக்கலாம் என்று பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். பிளீச் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள், துரு அதில் இன்னும் கெட்டிப்படும். வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும்.

காகிதத்தில் செய்யும்போது

காகிதம் ஈரத்தில் கிழியும், அதுதான் முதல் வித்தியாசம். நனைக்காமல் தெளிப்பானால் வினிகர் தெளித்து, இரும்பை மேலே வைத்துவிடுங்கள். 300 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கனமான வாட்டர்கலர் தாள் தாங்கும். பனியன் கட்டிங் வேஸ்டைக் கூழாக்கிச் செய்யும் கைக்காகிதம் அதைவிட எனக்குப் பிடிக்கும், ஓரம் பிசிர்பிசிராக இருப்பதால் ஒட்டுவேலைக்கு இன்னும் அழகு. நாளிதழ்த் தாள் ஈரத்தில் நொந்துபோகும், சீக்கிரம் மஞ்சளாகும். ஜெராக்ஸ் தாளில் இப்போது பெரும்பாலும் சுண்ணாம்பு வகைப் பொருளை நிரப்பியாகக் கலக்கிறார்கள். அது வினிகரை முறித்துவிடுவதால் அச்சு வெளிறி வரும். பளபளப்பான தாளைத் தொடவே வேண்டாம்.

சோடாத் தண்ணீரில் முக்க முடியாத தாளுக்கு, அதே தண்ணீரைத் தெளித்து, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

வாழைப்பூ ஆய்ந்த கையும் அரிவாள்மனையும் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வாழைப்பூவில் டானின் இருக்கிறது. துவர்ப்புச் சுவையைத் தரும் பொருளுக்குத்தான் டானின் என்று பெயர். கடுக்காய், மாதுளைத் தோல், தேயிலை, கருவேலம்பட்டை எல்லாவற்றிலும் உண்டு. டானினும் கரைந்த இரும்பும் சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பு. கலம்காரித் துணிகளில் வரும் கறுப்பும் இப்படித்தான்: கடுக்காயில் ஊறிய துணிமேல், துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு நொதிக்க வைத்த நீரால் வரைவார்கள். வரைந்தவுடன் கோடு கறுக்கும்.

இதைச் செய்ய நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப்பொடி வாங்கி வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, துணியை அதில் ஊறவைத்துக் காயவையுங்கள். பிறகு வழக்கம்போல இரும்பைச் சுற்றுங்கள். காவிக்குப் பதில் சாம்பலும் கறுப்பும் வரும். வெறும் டீத்தண்ணீர் என்றால் நிறம் மெலிதாக இருக்கும். துணியின் ஒரு பாதியை மட்டும் கடுக்காயில் நனைத்தால் ஒரே லாடம் பாதி காவியாகவும் பாதி கறுப்பாகவும் விழும். செய்து பாருங்கள், இதைப் பார்த்தபின் வெறும் காவியோடு நிறுத்த மனசு வராது.

காவிக்கு ஆக்ஸிஜன், கறுப்புக்கு டானின். இரண்டிலும் உள்ளே நுழைவது அதே கரைந்த இரும்புதான். உள்ளே யாரைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது.

ஒரு வாரம் ஏன் விடக்கூடாது?

இரும்பு துணிக்குள் போய் உட்கார்ந்ததோடு சும்மா இருப்பதில்லை. அமிலம் மிச்சமிருந்தால் அது செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டும். இரும்பும் தன் பங்குக்குக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செல்லுலோஸை அரிப்பதை வேகப்படுத்தும். பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில், இரும்பும் டானினும் கலந்த மையால் எழுதிய இடங்கள் எழுத்து வடிவிலேயே ஓட்டையாகிக் கிடப்பதுண்டு. அடர்த்தியாகத் துரு ஏறி, அலசாமல் விட்ட துணியும் கொஞ்ச காலத்தில் இழுத்தால் பொடியும். எனக்குப் பாதி ஏறிய, ஓரம் மங்கிய அச்சுகள்தான் அழகாகவும் படுகின்றன. ஒருநாள், இரண்டுநாள் வேலைக்கு இந்த ஆபத்து குறைவு. போர்த்துகிற துப்பட்டாவுக்கு இது சரிப்படாது; ஜர்னலில் ஒட்டும் துண்டுக்குச் சரி.

ஜர்னலிலும் இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒட்டுமுன் துண்டின் இருபுறமும் அக்ரிலிக் மீடியம், அதாவது நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு, ஒரு கை பூசுங்கள். தூள் உதிராது, பக்கத்துத் தாளுக்குப் பரவாது. எதிர்ப் பக்கத்தில் போட்டோ, அம்மா எழுதிய கடிதம் மாதிரி ஏதாவது இருந்தால் நடுவே ஒரு வெண்ணெய்த் தாள் வையுங்கள். தைப்பதென்றால் கைத்தையலே மேல். துரு சொரசொரப்பானது, தையல் மிஷினில் ஊசி சீக்கிரம் மழுங்கும்.

மிச்சத் தண்ணீர்

நொய்யல் சாயக்கழிவால் பட்ட பாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தெரிந்தவர்கள், இந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று கேட்பது நியாயமே. ஒரு குவளை வினிகரும் கொஞ்சம் இரும்பும் பெரிய தீங்கில்லை. சமையல் சோடா போட்டு நுரை அடங்கியதும் ஏராளமான தண்ணீரோடு கலந்து மண்ணில், செடிகளுக்குச் சற்றுத் தள்ளி ஊற்றலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். ஒரு பழைய பிளாஸ்டிக் டப் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டு வாசலில் மூட்டையைப் பிரிக்காதீர்கள். அங்கே விழுந்த துருக்கறைக்கு எலுமிச்சை தேய்த்தால் கறையோடு சேர்த்துச் சிமெண்டையும் அரித்துவிடும்.